மவுஸ் பிடிக்கும் கையில் ஒரு பிரஷ்ஷும் இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் ஒரே கதைதான். முதல் பதினைந்து நாட்களுக்கு அதற்கு ராஜ மரியாதை. சந்தனப் பொட்டு, குங்குமம், வருகிறவர்களுக்கெல்லாம் அறிமுகம். மூன்றாவது மாதம் அதன் மேல் பூ வேலை செய்த ஒரு துணி உறை ஏறிவிடும். அதற்குப் பிறகு மின் கட்டணம் கட்டவும், பிள்ளைகளின் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கவும் மட்டும் அந்த உறை விலகும்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். வீடு ராயபுரம், வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். விடிந்ததும் கிளம்பினால் இரவில்தான் திரும்புவேன். என் நைனா சென்னைத் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் கப்பல்களுக்குத் துரு தட்டி பெயிண்ட் அடிக்கும் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். வேலையை விட்டபின் பகல் முழுவதும் வாசல் திண்ணைதான். அவருக்குப் பொழுது போகட்டும் என்று நல்ல மானிட்டருடன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தேன். மவுஸ் பிடிப்பது எப்படி, மெயில் அனுப்புவது எப்படி என்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பாடம் நடத்தினேன்.

ஐந்தாவது ஞாயிறு அவர் சொன்னார்: "மெயில் அனுப்புறது சரி. யாருக்கு அனுப்புறது?"

என்னிடம் பதில் இல்லை. அம்மா துணி உறையைப் போட்டு மூடிவிட்டார்.

அந்த உறை மறுபடி விலகியதற்குக் காரணம் எந்த சாஃப்ட்வேரும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கப்பல். இதில் எனக்குத் திடமான ஒரு கருத்து உண்டு. கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு வேலை வேண்டும். கையால் செய்கிற வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. என் சிபாரிசு ஸ்கேல் மாடல்.

ஸ்கேல் மாடல் என்றால் என்ன?

விமானம், கப்பல், டாங்கி, கார் போன்றவற்றை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களாக அச்சில் வார்த்து, பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இதற்கு கிட் என்று பெயர். பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடிப்பது நம் வேலை. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952இல் 'கோல்டன் ஹிண்ட்' என்ற பாய்மரக் கப்பலைச் சிறிய கிட்டாக வெளியிட்டது. அதன் பிறகு இது உலகம் முழுவதும் பரவிய பொழுதுபோக்கு ஆனது. ஜப்பானின் தமியா, ஹசெகாவா, ஜெர்மனியின் ரெவெல் ஆகியவையும் இத்துறையில் பெரிய பெயர்கள்.

பெட்டியின் மேல் 1/72, 1/350 என்று எண்கள் இருக்கும். 1/72 என்றால் நிஜப் பொருள் மாடலைப் போல 72 மடங்கு பெரியது. ஆறு அடி உயர மனிதர் இதில் ஓர் அங்குலம் ஆகிவிடுவார். விமானங்களுக்கு 1/72, 1/48, டாங்கிகளுக்கு 1/35, கப்பல்களுக்கு 1/350, 1/700 ஆகியவை வழக்கமான அளவுகள்.

ராயபுரத்துக்காரன் எந்தக் கப்பலைச் செய்வான்?

நான் முதலில் செய்தது 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம். பசை அதிகமாகி இறக்கையில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் இடது கை தானாக மேஜையில் கண்ட்ரோல் இசட்டைத் தேடியது. நம்புங்கள், நிஜம்தான்!

இரண்டாவதாக ஒரு கப்பல் செய்ய நினைத்துத் தேடியபோது கண்ணில் பட்டது ரெவெல் நிறுவனம் 1/350 அளவில் வெளியிட்ட 'எம்டன்'.

எம்டன் என்ற சொல் நமக்குப் புதியதில்லை. கில்லாடியான, கண்டிப்பான ஆளை "அவன் பெரிய எம்டன்" என்போம். மலையாளத்தில் மிகப் பெரியதை எமண்டன் என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கொடுத்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1908இல் டான்சிக் நகரில், அதாவது இன்று போலந்தில் உள்ள கடான்ஸ்க்கில், கடலில் இறக்கப்பட்ட எம்டன், முதல் உலகப்போர் தொடங்கியதும் வங்காள விரிகுடாவுக்குள் புகுந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு கப்பலில் இருந்தவர்களும் இறந்தார்கள். பயத்தில் ஏராளமானோர் நகரை விட்டு ஓடினார்கள். அந்தக் குண்டுவீச்சை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது.

எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள துறைமுகத்தைத் தாக்கிய கப்பல், ஒரு பெட்டிக்குள் பாகங்களாகக் கிடைக்கிறது! எம்டனின் நிஜ நீளம் 118.3 மீட்டர். 350ஆல் வகுத்தால் சுமார் 34 சென்டிமீட்டர். என் கம்ப்யூட்டர் மேஜையில் கீபோர்டை நகர்த்தினால் போதும், இடம் இருக்கும்.

நைனா கண்ட குறை

மூன்று வாரங்கள் இரவில் உட்கார்ந்து கப்பலை ஒட்டி முடித்தேன். அமைதிக் காலத்தில் எம்டன் வெள்ளை வண்ணத்தில் இருந்தது. அதன் அழகைப் பார்த்து அதற்குக் 'கிழக்கின் அன்னம்' என்ற பட்டப்பெயரும் உண்டு. போர் வந்ததும் சாம்பல் வண்ணம் அடித்தார்கள். நானும் சாம்பல் அடித்தேன். புகைபோக்கி உச்சிக்கும் நங்கூரங்களுக்கும் பளபளப்பான கறுப்பு. ஒரு கறை இல்லாமல் ஷோரூம் பொருள் போல இருந்தது. பெருமையாக டிவி பக்கத்தில் வைத்தேன்.

நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னாடா இது, கல்யாணத்துக்குப் போற கப்பலா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் நைனா, இன்னா தப்பு?"

"இது எத்தினி நாள் கடல்ல இருந்துச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"இன்னா போட்டு ஓட்டுனாங்க?"

"நிலக்கரி. கூடவே ஒரு கரிக் கப்பல் வந்தது. கடல்லயே கரியை மாத்திக்கிட்டாங்க."

"கரி ஏத்துன கப்பல் டெக்கு இப்டி இருக்காது. நங்கூரச் சங்கிலி வர்ற ஓட்டைக்குக் கீழ பாரு, துரு ஒழுகி ஒரு கோடு இருக்கணும். அதைத் தட்டித்தானே நான் சோறு போட்டேன்."

கரித்தூள் பற்றி ராயபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நிலக்கரி இறக்குமதி சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூருக்கு மாறும்வரை, மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் வெள்ளையாகக் கீழே வராது. நான் அந்தச் சட்டைகளைப் போட்டு வளர்ந்தவன். ஆனாலும் கப்பலுக்கு வண்ணம் அடிக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. பெட்டியின் மேல் இருந்த படத்தைத்தான் பார்த்து அடித்தேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியமானது. "கறுப்பும் தப்புடா. தூரத்துல நிக்கிற கப்பல் கறுப்பாவா தெரியும்? காசிமேட்டுல போய்ப் பாரு. சாம்பலாத்தான் தெரியும்."

மாடல் செய்பவர்கள் இதை ஸ்கேல் எஃபெக்ட் என்பார்கள். தூரம் கூடக்கூட, நடுவில் இருக்கும் காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து நிறங்களை வெளிறச் செய்கின்றன. 1/350 மாடலை 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, நிஜக் கப்பலை 210 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அதனால் கறுப்புக்குப் பதில் அடர்ந்த சாம்பல் அடித்தால்தான் கண் நம்பும். இதைத் தெரிந்துகொள்ள நான் பல பக்கங்கள் படிக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது கரையில் நின்றே தெரிந்திருந்தது.

மறுநாள் இரவு நான் வந்தபோது துணி உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் முன் நைனா உட்கார்ந்திருந்தார். "எம்டன் போட்டோவை எப்டிடா பெருசு பண்றது? ஜன்னல் எண்ணணும்" என்றார். நான்கு ஞாயிறு நான் சொல்லிக் கொடுத்தும் வராத ஜூம், ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் இதில் எங்கே வருகிறது?

மாடல் செய்ய ஆரம்பித்தால் கீழ்க்கண்ட வேலைகள் தானாகவே வந்து சேரும். ஒவ்வொன்றும் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் கற்க வேண்டிய பாடம்தான்.

1. படம் தேடுவது: பழைய கப்பல், விமானப் புகைப்படங்கள் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. தலைப்பு வாரியாக ஃபோல்டர் போட்டுச் சேமியுங்கள். "டெக்", "நங்கூரம்", "துரு" என்று நைனா தனித்தனி ஃபோல்டர் வைத்திருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னாளில் நிறம் ஏற்றியிருந்தால் அந்த நிறத்தை நம்பாதீர்கள். அது யாரோ ஒருவரின் யூகம்.

2. கணக்குப் போடுவது: எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் போதும். முதல் கட்டத்தில் நிஜ அளவை மீட்டரில் டைப் செய்யுங்கள். பக்கத்துக் கட்டத்தில் அதை 350ஆல் வகுத்து 100ஆல் பெருக்கும் சூத்திரம் போட்டால், மாடலின் அளவு சென்டிமீட்டரில் வரும். கீழே இழுத்தால் எல்லா அளவுகளுக்கும் விடை தயார்.

3. நிறம் பார்ப்பது: மானிட்டரில் தெரியும் நிறத்தை வைத்துப் பெயிண்ட் வாங்காதீர்கள். அதே படம் என் மானிட்டரில் ஒரு நிறம், செல்போனில் வேறு நிறம். துண்டு பிளாஸ்டிக்கில் அடித்துக் காயவைத்து, வாசல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி.

4. அளவு மாறாமல் பிரிண்ட் எடுப்பது: இதில் நான் சறுக்கிய கதையைச் சொல்ல வேண்டும்.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். எதிரியை ஏமாற்ற அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கேன்வாஸ் துணியால் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி செய்து பொருத்தினார். அதனால் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது பிரிட்டனின் 'யார்மத்' கப்பல் போலத் தெரிந்தது. இதைக் கேட்டதும் நைனா விடவில்லை. நமக்கும் அது வேண்டும், எடுத்து மாட்டுகிற மாதிரி வேண்டும் என்றார். காகிதத்தில் செய்ய முடிவு செய்தோம்.

உருளை செய்வது சுலபம். விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு. உதாரணமாக, விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 25.1 மில்லிமீட்டர். ஒட்டுவதற்கு 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுக் கம்ப்யூட்டரில் செவ்வகம் வரைந்து, பிரிண்ட் எடுத்து, வெட்டிச் சுருட்ட வேண்டியதுதான். அப்படித்தான் செய்தேன். நைனா முழு மாலையும் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வெட்டிச் சுருட்டி, சாம்பல் அடித்து வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தால் மற்ற மூன்றையும் விட ஒல்லியாக இருந்தது.

தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. பிரிண்ட் செய்யும் பெட்டியில் 'ஃபிட் டு பேஜ்' என்பதில் டிக் இருந்திருக்கிறது. அது பக்கத்தில் உள்ளதை எல்லாம் சத்தமில்லாமல் கொஞ்சம் சுருக்கிவிடும். கடிதத்துக்கு இது பரவாயில்லை. அளவு வரைபடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலும் வேலை போச்சு. எப்போதும் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தின் ஓரத்தில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று வரைந்து, பிரிண்ட் எடுத்தபின் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இன்ஜினீயரிங் படித்த எனக்கு இந்தப் புத்தி அன்றுதான் வந்தது.

"இதெல்லாம் வேண்டாத வேலை" என்பவர்களுக்கு

குழந்தை விளையாட்டு என்று சிலர் சொல்லலாம். கூர்மையான கத்தி, நெடி அடிக்கும் பசை, பொறுமை மூன்றும் தேவைப்படும் இது பெரியவர்களுக்கான வேலைதான். பிள்ளைகள் செய்தால் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

செலவு ஆகும் என்பது உண்மை. இறக்குமதியாகும் கிட்டுகள் மலிவு இல்லை. ஆனால் ஒரு கிட் வாரக் கடைசிகளில் மட்டும் செய்தால் இரண்டு மாதம் ஓடும். கிட்டே வாங்காமலும் தொடங்கலாம். காகித மாடல் வரைபடங்கள் இன்டர்நெட்டில் இலவசமாக நிறைய உண்டு. தடித்த காகிதம், கத்தரிக்கோல், ஃபெவிகால் போதும்.

மூன்றாவது எதிர்ப்பு எனக்கே இருந்தது. வயதானவர்களுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்குமா? நைனாவுக்குக் கை லேசாக நடுங்கும். ஒருநாள் சின்னப் பீரங்கி ஒன்றுக்கு வண்ணம் அடிக்கப் போய், கோடு இழுபட்டு டெக்கில் பட்டுவிட்டது. பிரஷ்ஷை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கப்பல் பக்கமே வரவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் கப்பலின் வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டு, அகலமான பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தேன். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சிவப்பு அடிக்க வேண்டும். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கத் தாமிரம் கலந்த பெயிண்ட் அடிப்பார்கள், அந்தக் காலத்திலிருந்து வரும் நிறம் அது என்று அவரே விளக்கினார். கப்பல் பக்கவாட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்து இதே வேலையை வருடக் கணக்கில் செய்த கை. ஒரே சீராக அடித்தது. நடுக்கம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. துருக் கோட்டையும் அவரே இழுத்தார். நீர்த்த பழுப்பு நிறத்தில், நங்கூர ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி, இரண்டே இழுப்பு.

நீங்கள் தொடங்குவதென்றால்

முதல் கிட் கப்பலாக வேண்டாம். 1/72 அளவில் ஒரு சின்ன விமானம் வாங்குங்கள். பாகங்கள் குறைவு.

பாகங்களைக் கையால் பிய்க்காதீர்கள். கட்டர் இல்லாவிட்டால் நகவெட்டி போதும். மிச்சப் பிசிறை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள்.

மாடல் பசை சாதாரணப் பசை இல்லை. அது பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். தெர்மோகோலில் தின்னர் பட்டால் உருகிக் குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தெர்மோகோலும் பாலிஸ்டைரீன், பெரும்பாலான கிட்டுகளும் பாலிஸ்டைரீன். ஆகவே ஒரு சொட்டு போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம்.

முதலில் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். பிறகு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வண்ணத்திலேயே பழகலாம். தடிமனாக ஒருமுறை அடிப்பதை விட மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடிப்பது நல்லது.

இப்போது நைனா அடுத்த வேலையில் இறங்கிவிட்டார். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வரும் டக் படகு ஒன்றைச் செய்ய வேண்டுமாம். அவர் பெயிண்ட் அடித்த படகு. உலகத்தில் எந்தக் கம்பெனியும் அதற்குக் கிட் போடவில்லை. அவர் நினைவிலிருந்து அளவுகளைச் சொல்கிறார், நான் கால்க்கில் ஏற்றுகிறேன். கேபின் உயரத்தில் எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. அதற்காகப் பழைய வேலை நண்பர்களிடம் போட்டோ கேட்டு எழுத வேண்டும் என்று ஆரம்பித்தார். போன வாரம் அவர் தன் முதல் மெயிலை அனுப்பினார்.

உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் மேல் துணி உறை ஏறிவிட்டதா? சாஃப்ட்வேர் பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கையால் என்ன தெரியும் என்று கேளுங்கள். தையலோ, தச்சு வேலையோ, தோட்டமோ, கப்பலோ, அங்கிருந்து தொடங்குங்கள். எங்கள் வீட்டுத் துணி உறை இப்போது கம்ப்யூட்டர் மேல் இல்லை. தூசி படாமல் இருக்க எம்டனை மூடி வைத்திருக்கிறோம்.